பட்டனை அழுத்தினேன், வட்டம் சுற்றுகிறது: மோசமான நெட்டில் வெப் அப்ளிகேஷனைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைக்குப் போகும் ரயிலில், திண்டுக்கல் தாண்டியதும் ஒரு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் போய்ப் போய் வந்தது. இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். ஊர் வந்து இறங்குவதற்குள் பணம் எடுத்ததாக இரண்டு எஸ்எம்எஸ். பக்கத்தைச் செய்தவர்களை மனதாரத் திட்டினேன். ஆனால் என் பிழைப்பே டெஸ்டிங்தான். நானும் பல வருடம் அலுவலக வைஃபையில் மட்டுமே சோதித்து ‘பாஸ்’ போட்டவன்.

அந்த மாதிரிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம்: ஒரு படிவம், ஒரு போட்டோ அப்லோடு, ஒரு கட்டண பட்டன்.

நெட் எப்படியெல்லாம் கெடும்?

வேகம் குறைவது ஒரு வகை. போய்வரும் நேரம், அதாவது லேட்டன்சி, கூடுவது இன்னொன்று. பாக்கெட்டுகள் வழியில் தொலைவதும், இணைப்பு அடியோடு அறுவதும் தனி வகைகள். புதிதாக வருபவர்கள் வேகத்தையே பார்க்கிறார்கள். ஆளை அதிகம் படுத்துவது லேட்டன்சி. மளிகைச் சாமானை மொத்தமாக வாங்காமல் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று போவது போல, ஒரு பக்கத்தைத் திறக்க டிஎன்எஸ்ஸுக்கு ஒரு நடை, டிசிபி இணைப்புக்கு ஒரு நடை, டிஎல்எஸ் பாதுகாப்புக்கு ஒரு நடை. அதன் பிறகுதான் உண்மையான ரிக்வெஸ்ட். ஒரு நடைக்கு 400 மில்லிவினாடி என்றால், முதல் பைட் வருவதற்கே ஏறத்தாழ 1.6 வினாடி ஆகிவிடும். இணைப்பு எத்தனை எம்பிபிஎஸ் ஆனாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

படி 1: பிரவுசரில் தொடங்குங்கள்

குரோமில் எஃப்12 அழுத்தி, திறக்கும் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ‘நோ த்ராட்லிங்’ என்ற பெட்டியில் 3ஜியைத் தேர்ந்தெடுங்கள். ‘டிசேபிள் கேஷ்’ டிக் செய்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்; முதல்முறை வருபவரின் அனுபவமும் தினம் வருபவரின் அனுபவமும் வேறு வேறு. டெவ்டூல்ஸை மூடினால் த்ராட்லிங்கும், அதாவது இந்த வேகக் குறைப்பும், போய்விடும். மூடிவிட்டு ‘வேகமாகத்தானே இருக்கிறது’ என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

சொந்தமாக ஒரு புரொஃபைலும் உருவாக்கலாம். அதில் அப்லோடு வேகத்தை வேண்டுமென்றே குறையுங்கள். போட்டோ அப்லோடு சிக்குவது அங்கேதான்.

படி 2: கண்ணால் பாருங்கள்

அழுத்தியதும் பட்டன் ஏதாவது சொல்கிறதா? படம் தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ளி, விரல் வேறு எதன் மீதோ படுகிறதா? பிழை வந்தால் பயனர் தட்டிய விலாசம் அப்படியே இருக்கிறதா, இல்லை வெற்றுப் படிவம் நிற்கிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் சமரசம் செய்யாதீர்கள்.

படி 3: பாக்கெட்டைத் தொலையுங்கள்

குரோமின் த்ராட்லிங் சாதாரண ரிக்வெஸ்ட்டுகளைத் தாமதப்படுத்தும், பாக்கெட்டுகளைத் தொலைக்காது. அதற்கு லினக்ஸில் டிசி கட்டளையின் நெட்எம் வசதி இருக்கிறது. ஆப்பிள் கருவிகளில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர். 300 மில்லிவினாடி தாமதம், 3 சதவீத லாஸ் என்று தொடங்கலாம். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளைத்தான் தொடும். பதில்கள் தொலைய வேண்டுமானால் டெஸ்ட் சர்வரில் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்த சர்வரில் ஒருமுறை 100 சதவீத லாஸ் போட்டேன். சர்வரிலிருந்து எதுவும் வெளியே வராததால் இணைப்பே நின்றுபோனது, அதை நீக்க எனக்கே வழியில்லை. இப்போதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தானே நீங்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

படி 4: ரிக்வெஸ்ட் போனது, பதில் வரவில்லை

நேரமில்லை என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். ரயிலில் எனக்கு நடந்தது இதுதான்: சர்வர் வேலையை முடித்துவிட்டது, அந்தச் செய்தி என் போனுக்கு வரவில்லை.

இதைக் கையால் உண்டாக்கலாம். டேட்டாபேஸில் எழுதிய பிறகு, பதில் அனுப்பும் முன் 20 வினாடி தூங்கும்படி டெஸ்ட் சர்வரில் டெவலப்பரை ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பட்டனை அழுத்துங்கள். ஐந்தாவது வினாடியில் வைஃபையை அணையுங்கள். மீண்டும் போட்டு, மறுபடி அழுத்துங்கள். பிறகு டேட்டாபேஸைத் திறந்து வரிசைகளை எண்ணுங்கள். (சர்வர் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடினால் வைஃபையை அணைத்துப் பயனில்லை, அது எங்கும் வெளியே போவதில்லையே.) தானியங்கியாக வேண்டுமா? பிளேரைட்டில் ரிக்வெஸ்ட்டை இடைமறித்து, சர்வருக்கு அனுப்பிப் பதிலை வாங்கி, பக்கத்துக்குக் கொடுக்காமல் அபார்ட் செய்யலாம்.

இரண்டு வரிசை இருந்தால் பக். பட்டனை மங்கலாக்கினால் போதும் என்பார்கள். போதாது, பக்கத்தை ரீலோடு செய்தால் பட்டன் புதிதாக வந்துவிடும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு அடையாள எண், அதாவது ஐடெம்பொடென்சி கீ, கூடவே போக வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே தர வேண்டும். அந்த எண் எப்போது பிறக்கிறது என்று கேளுங்கள். அழுத்தும்போதெல்லாம் புது எண் என்றால் இருந்தும் இல்லாததுதான். ரீலோடுக்குப் பிறகும் அதே எண்தானா என்றும் பாருங்கள். திரையில் வரும் செய்தியையும் கவனியுங்கள்: பணம் போனதா என்று தெரியாத நிலையில் ‘தோல்வி’ என்று காட்டுவது பொய். ‘சரிபார்க்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்’ என்பதே நேர்மை.

படி 5: டைம்அவுட், ரீட்ரை, ஆஃப்லைன்

ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச்சுக்கென்று தனியாக டைம்அவுட் கிடையாது. நாம்தான் வைக்க வேண்டும். ரீட்ரை இருந்தால் இடைவெளி ஒவ்வொரு முறையும் கூட வேண்டும். ‘ஆன்லைனா’ என்று பிரவுசர் தரும் விடையை நம்பி நிற்கும் நிரலைச் சந்தேகப்படுங்கள்: ரவுட்டரோடு இணைப்பு இருந்தாலே, அதற்கு அப்பால் இணையம் செத்துக் கிடந்தாலும், அது ‘ஆம்’ என்று சொல்லலாம்.

படி 6: போனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்

ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் தன் ஊழியர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தது. உங்களுக்கு லிஃப்ட் போதும். தரைத்தளத்தில் போனில் கட்டண பட்டனை அழுத்திவிட்டு லிஃப்டில் ஏறுங்கள்.

படி 7: எழுதி வையுங்கள்

‘நெட் ஸ்லோவா இருந்தப்ப வேலை செய்யல’ என்று பதிவு செய்தால், ‘எனக்கு வேலை செய்யுதே’ என்று மூடிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: “சர்வர் பதிலில் 20 வினாடி தாமதம். பட்டன் அழுத்திய 5ஆம் வினாடியில் வைஃபை அணைத்தேன். 30ஆம் வினாடியில் மீண்டும் போட்டு, மறுபடி அழுத்தினேன். டேட்டாபேஸில் ஒரே மாணவருக்கு இரண்டு கட்டணம்.”