பரு மருந்தில் எத்தனை சதவீதம்?



"பொண்ணுக்கு முகமெல்லாம் பரு, நர்சம்மா. கடையில ஒரு களிம்பு குடுத்தாங்க. மேலே பேரும் இல்லே, அளவும் இல்லே. போடலாமா?"

இப்படிக் கேட்கும் தாய்மார் உண்டு. 'போடக்கூடாது' என்பதே நமது பதில். ஏன் என்று பார்ப்போம்.

அளவு என்றால் என்ன?

டியூபில் இருப்பது முழுவதும் மருந்தல்ல. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், 100 கிராம் களிம்பில் 2.5 கிராம்தான் மருந்து. "ஜாஸ்தி சதவீதம்னா சீக்கிரம் குணமாகும்" என்பது தவறு. சாதாரணப் பருவுக்கு 2.5 சதவீதமே 10 சதவீதத்துக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்கிறது. பத்தில் எரிச்சலும் தோல் உரிதலும்தான் அதிகம்.

எப்படி அளக்கிறார்கள்?

ஆய்வுக்கூடத்தில் களிம்பைக் கொஞ்சம் எடுத்து எடை போடுவார்கள். அதிலுள்ள மருந்தைத் தகுந்த திரவத்தில் கரைத்து வடிகட்டுவார்கள். அந்தக் கரைசலை திரவ குரோமட்டோகிராபி என்ற கருவியில் செலுத்தினால், கலந்திருக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும். ஒவ்வொன்றும் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, அளவு தெரிந்த சுத்தமான மருந்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ இதைச் சொல்ல முடியாது.

பேரில்லாக் களிம்பில் என்ன ஆபத்து?

அதில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம். முதலில் முகம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவக்கும், முகத்தில் முடி வளரும், பருவும் கூடும்.

வீட்டில் வைத்தால் அளவு மாறுமா?

மாறும். ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் கெடும். பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம். 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய 95 பரு மருந்துகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகக் குறைவு. சில மட்டும் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்:

1. மருந்தின் பெயர், சதவீதம், காலாவதித் தேதி மூன்றும் பார்த்து வாங்குங்கள்.

2. அடுப்பருகிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள்.

3. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும்.

4. கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் ட்ரெட்டினாயின், அடாபலீன் போடக்கூடாது. டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

5. பேரில்லாக் களிம்பை ஏற்கெனவே போட்டு வந்தால், டியூபையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

அளவறிந்து வாங்குவோம்! அளவோடு போடுவோம்!