பச்சிளம் குழந்தைகளின் குருதியில் கிருமித்தொற்று

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "பிள்ளை குழப்படியோ, நல்ல நித்திரையோ?" என்பதுதான். "பாலுக்குக்கூட எழும்புதில்லை" என்று தாய் சொன்னால், "நீ குடுத்து வைச்சனி" என்று சொல்லிவிட்டு வருவோம். பெரும்பாலும் அதிற் பிழையில்லை. ஆனால் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரெனப் பாலை மறுத்து, எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால் அதை நித்திரை என்று எண்ணிவிடக் கூடாது.

பிறந்து முதல் 28 நாட்களுக்குள் பற்றீரியாக் கிருமிகள் குருதியிற் புகுந்து உடலைத் தாக்கும் நிலையை மருத்துவர்கள் 'நியோனேற்றல் செப்சிஸ்' என்பார்கள். பச்சிளம் குழந்தையின் நோயெதிர்ப்புச் சக்தி இன்னும் முதிராதது. எனவே காலையில் சிறிய மாற்றமாகத் தெரிவது மாலைக்குள் உயிராபத்தாகலாம். சில குழந்தைகளில் கிருமி மூளையைச் சூழ்ந்த சவ்வுகளையும் தாக்கும்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். "உடம்பு சுடவில்லைத்தானே, விடியட்டும் பார்ப்போம்" என்பார் அம்மம்மா. பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் காயும். பிறந்த குழந்தைக்கோ காய்ச்சல் வராமலே இருக்கலாம். மாறாக உடல் குளிர்ந்தும் போகலாம். ஆகவே கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. டிஜிற்றல் வெப்பமானியை அக்குளில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், வேறு குறி இல்லாவிட்டாலும் அன்றே, இரவானாலும், மருத்துவர் பார்க்க வேண்டும். முனகலுடன் மூச்சு விடுதல், வேகமான மூச்சு, பலவீனமான அழுகை, வலிப்பு, முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் நிறம் ஆகியனவும் ஆபத்தின் குறிகள். நமது குழந்தைகளின் தோல் நிறத்தில் வெளிறலோ நீலமோ எளிதிற் தெரியாது. உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பாருங்கள்.

முதல் சில நாட்களில் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது. இதில் முக்கியமானது 'குறூப் பி ஸ்றெப்' என்னும் கிருமி. பத்துப் பெண்களில் இரண்டு முதல் நான்கு பேரின் உடலில் இது எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. இது பாலியல் நோயுமல்ல, துப்புரவுக் குறைவால் வருவதுமல்ல. மருமகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. இக்கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளில் மிகச் சிலரே நோயுறுகிறார்கள். பிரித்தானியாவில் 1,750 குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் வாரத்தில் இந்நோய் வருவதாகவும், நோயுற்ற 19 பேரில் ஒருவர் இறப்பதாகவும் 2017இல் இங்குள்ள மகப்பேற்று மருத்துவர்களின் றோயல் கல்லூரி குறிப்பிட்டது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் எல்லாத் தாய்மாருக்கும் இதற்கான பரிசோதனை செய்கிறார்கள். இங்கே அது வழமையாகச் செய்யப்படுவதில்லை. ரொறன்ரோ அக்கா "எனக்குச் செய்தவை, உனக்கேன் செய்யேல்லை?" என்று கேட்டால் காரணம் இதுதான். ஆனால் முந்திய கர்ப்பத்தில் இக்கிருமி இருந்தவர்கள் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். விரும்பினால் பணம் கட்டித் தனியாரிடமும் செய்யலாம். கிருமி இருப்பது தெரிந்தால், பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு ஊசி மூலம் பெனிசிலின் ஏற்றுவார்கள். முதற் பிள்ளைக்கு இந்நோய் வந்திருந்தால் மருத்துவிச்சிக்கு மறக்காமற் சொல்லுங்கள். பன்னீர்க்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே தொலைபேசியில் அறிவியுங்கள். பிரசவத்தில் கொடுக்கும் இந்த மருந்து முதல் வாரத்து நோயைத்தான் தடுக்கும். பின்னர் வருவதைத் தடுக்காது.

பின்னர் வரும் தொற்றுகளிற் பல நமது கைகளால் வருபவை. குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னால் மாமியோ சித்தப்பாவோ கோபித்துக்கொள்ளக் கூடாது. தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் பூசாதீர்கள். வெறும் தண்ணீரால் துடைத்து உலர விட்டாற் போதும். சுற்றிவரச் சிவந்தாலோ, சீழ் வடிந்தாலோ, மணத்தாலோ காட்டுங்கள்.

வைத்தியசாலையில் குருதி எடுப்பார்கள். சிலவேளை முதுகுத்தண்டிலிருந்தும் நீர் எடுப்பார்கள். இதைக் கேட்டுப் பல பெற்றோர் கலங்குகிறார்கள். மூளைச் சவ்வுக்குத் தொற்று போயிருக்கிறதா என்று அறியவே அது. முடிவு வரக் காத்திராமல், சிகிச்சை தேவை என்று தீர்மானித்த ஒரு மணி நேரத்துக்குள் அன்ரிபயோற்றிக் தொடங்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. கிருமி இல்லை என்று தெரிந்து, குழந்தையும் நலமாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் கல்போல் கொடுத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொன்னாலன்றி அது கூடாது. மூச்சுத் திணறினாலோ, முனகலுடன் மூச்சு விட்டாலோ, வலிப்பு வந்தாலோ, அழுகை பலவீனமாக இருந்தாலோ, நிறம் மாறினாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ 999. மற்றைய குறிகளுக்கு 111. ஆங்கிலம் போதாது என்று தயங்கி, வேலையால் கணவர் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். 'தமிழ்' என்ற ஒரு சொல்லும் 'இன்ரபிறிற்றர்' என்ற ஒரு சொல்லும் போதும். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக இணைப்பார்கள். குழந்தை பிறந்து எத்தனை நாள், கடைசியாகப் பால் குடித்தது எத்தனை மணிக்கு, வெப்பநிலை எவ்வளவு என்ற மூன்றையும் முதலிற் சொல்லுங்கள்.