உதிர்ந்த இறகும் உவர்க்கடலும்

பலமனேரிலிருந்து மலைச்சாலையில் இறங்கிச் சித்தூரைக் கடந்து சென்றால் வேலூர் வரும். அதன் அருகிலுள்ள கரடிக்குடியில் 1997ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ஒரு கவிஞர் மறைந்தார். அவர் பிறந்த ஊரோ கடலுக்கு அப்பால், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை. பிறந்த ஆண்டு 1939. இயற்பெயர் சிவராமலிங்கம். தருமு சிவராம் என்றும் வேறு பல பெயர்களாலும் எழுதினார். எண்கணிதத்தில் ஈடுபாடு கொண்டு பெயரை மாற்றிக்கொண்டே இருந்த அவருக்கு இறுதியில் நிலைத்த பெயர் பிரமிள்.

சென்னையில் சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழே புதுக்கவிதைக்கு வீடாக இருந்தது. அவ்விதழுக்குத் திருகோணமலையிலிருந்து எழுதத் தொடங்கியபோது பிரமிளுக்கு வயது இருபதை ஒட்டியே இருக்கும். பின்னர் 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிற்கு வந்தார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியை இங்கேயே கழித்தார். நிலையான வேலை இல்லை, மணம் செய்துகொள்ளவில்லை, பெருங்கூட்டங்களை நாடவில்லை. ஆயினும் அவர் தனிமை அமைதியான தனிமை அன்று. பொய் என்று தமக்குப் பட்டதை எவர் எழுத்தில் கண்டாலும் கடுமையாகச் சாடினார். அக்கடுமை சில வேளைகளில் அளவு கடந்தது என்பதும் உண்மை. நண்பர்கள் விலகினர், கவிதைகள் நிலைத்தன.

அவற்றுள் பலரும் அறிந்தது 'காவியம்'. காவியம் என்றதும் மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். பிரமிளின் காவியமோ ஒரு சிறு தாளின் மூலையில் அடங்கிவிடும். காற்றில் அலையும் ஓர் இறகு, அவ்வளவே காட்சி. இங்குச் சிறகு, இறகு என்னும் இரு சொற்களையும் பிரித்து அறிதல் வேண்டும். பறவை பறப்பதற்கு உதவும் உறுப்பு சிறகு; வீட்டில் நாம் 'றெக்கை' என்பது இதுவே. அவ்வுறுப்பிலிருந்து உதிரும் ஒற்றைத் தூவி இறகு. தெலுங்கில் முன்னதை 'ரெக்க' என்றும் பின்னதை 'ஈக' என்றும் வழங்குவர். தமிழில் இவ்விரு சொற்களுக்கும் இடையே முதலெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. அச்சிறு வேறுபாட்டிற்குள் ஒரு பிரிவையே வைத்துவிட்டார் கவிஞர்.

பறவை எங்கே? கவிதையில் அது தோன்றவே இல்லை. இறந்திருக்கலாம், எங்கோ பறந்துகொண்டும் இருக்கலாம். எஞ்சியுள்ள இறகு எழுதுகோல் ஆகிறது. காற்று ஏடு ஆகிறது. எழுதப்படுவது அப்பறவையின் வரலாறு. இறப்பைப் பற்றிய ஒப்பாரி எதுவும் இங்கில்லை. இறப்பு என்ற சொல்லே இல்லை. எனினும் போனவரை நினைக்கும் எவர்க்கும் இக்கவிதை விளங்கும். பாட்டியார் விட்டுச்சென்ற கண்ணாடிக்கூட்டையோ தாத்தாவின் கையெழுத்துள்ள பழைய கடிதத்தையோ எடுத்துப் பார்த்தவர்கள், இறகு எழுதுவது என்றால் என்ன என்பதை உரையாசிரியர் இன்றியே அறிவார்கள்.

இயற்கையைப் பாடுவோர் பெரும்பாலும் அதன் அழகை மட்டும் பாடுவர். பிரமிள் அவ்வாறு செய்யவில்லை. 'விடிவு' என்னும் கவிதையில் விடியலை நிலத்தின் மேனியில் படரும் தேமலாகவும் இருளை அரிக்கும் கிருமியாகவும் காண்கிறார். தேமல் என்பது தோலில் தோன்றும் வெளிர்நிறத் திட்டு. நோயைச் சுட்டும் சொற்களால் ஒளியைக் குறிக்க அவர் தயங்கவில்லை. கண்டதைக் கண்டவாறு சொல்லும் துணிவு அது. அவரிடம் இயற்கையும் உண்மையும் ஒன்றாகச் சேரும் இடமும் அதுவே.

'வண்ணத்துப் பூச்சியும் கடலும்' என்ற கவிதையில் இறப்பும் அவ்விரண்டுடன் சேர்கிறது. இதன் கதை எளியது. கடற்கரையை ஒட்டிய தோட்டத்தில் தேன் தேடித் திரிகிறது ஒரு வண்ணத்துப்பூச்சி. பொழுது சாயும் நேரத்தில் காற்று அதனைக் கடலின் பக்கம் தள்ளுகிறது. கடல் முழுவதும் அதன் கண்ணுக்கு ஒரே மலராகத் தோன்ற, களைத்துப்போய் அம்மலரில் அமர்கிறது. முதலில் உவர்ப்பு, பின்னர் அதுவே தேன்.

இக்கவிதையைப் படிப்போர் இருவகையாகப் பொருள் கொள்ளலாம். பூச்சி கடலில் விழுந்து இறந்தது. அந்த இறுதி நொடியைக் கவிஞர் இனிப்பாக்கினார் என்பது ஒன்று. சிறு சிறு மலர்களை விட்டு எல்லையில்லாத ஒன்றை அடைந்தது. பேருண்மை முதலில் கரித்துப் பின் இனிக்கும் என்பது மற்றொன்று. முதற்பொருளை மட்டும் கொண்டால் கவிதை துயரக் கதை ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் கொண்டால் அறவுரை ஆகிவிடும். கவிதையின் வினைமுற்றுகளைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். பூச்சி அலைந்தது, அமர்ந்தது ஆகியன இறந்தகாலத்தில் சொல்லப்படுகின்றன. இனிப்பு மட்டும் நிகழ்காலத்தில் நிற்கிறது. அமர்ந்ததோடு கதை முடிந்துவிட்டது, சுவை முடியவில்லை. இறப்பைத் 'தொடரும் சுவை' என்று சொல்ல வினைச்சொல்லின் காலத்தை மாற்றியதே போதுமாக இருந்திருக்கிறது.

பலமனேர் மேட்டுநிலத்து ஊர். கடல் தொலைவில் உள்ளது. ஆனால் மழை பெய்து ஓய்ந்தபின் ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்திருப்பதைச் சாலையோரத்திலேயே காணலாம். அவை அங்கே உறிஞ்சுவது தேனை அன்று. மண்ணில் கரைந்துள்ள உப்பையும் பிற தாதுக்களையும். பூந்தேனில் போதிய உப்பு இல்லாமையால் அதனை அவை தேடிச் செல்கின்றன. கவிதை இச்செய்தியைச் சொல்லவில்லை. எனினும் இதனை அறிந்தபின் கவிதையின் உவர்ப்பு முன்போல் வெறும் கசப்பாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் பட்டாம்பூச்சி என்றும் தெலுங்கில் 'சீதாகோகசிலுக' என்றும் அழைக்கப்படும் அதே பூச்சியே இது என்பதையும் நினைவில் கொள்க.

உண்மையைப் பற்றிய பிரமிளின் எண்ணத்திற்கும் இந்தப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் ஆழ்ந்து கற்ற சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. பலமனேரிலிருந்து புங்கனூர் வழியாகச் சென்றால் வரும் மதனப்பள்ளியே கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்த ஊர். தம்மைத் தலைவராகக் கொண்டு நிறுவப்பட்ட உலகளாவிய அமைப்பினை 1929இல் நெதர்லாந்தில் நடந்த கூட்டத்தில் அவரே கலைத்தார். எந்த அமைப்பும் எந்தக் குருவும் ஒருவரை உண்மையிடம் கொண்டுசேர்க்க இயலாது என்பது அவர் கருத்து. ஒவ்வொருவரும் தாமே பார்த்தாக வேண்டும்.

பிரமிளின் வண்ணத்துப்பூச்சிக்கும் வழிகாட்டி இல்லை. காற்று தள்ளுகிறது, கடல் பூவாகத் தெரிகிறது, அது தானே சுவைத்து அறிகிறது. ஆயினும் கிருஷ்ணமூர்த்தியின் கருத்தை விளக்குவதற்காக இக்கவிதை எழுதப்பட்டது என்று கொள்ளல் தவறு. கருத்தை மட்டும் சொல்ல ஒரு கட்டுரையே போதும். உப்பின் சுவைக்குக் கடல் வேண்டும். அக்கடலைத் திருகோணமலையில் பிள்ளைப்பருவம் முதல் பார்த்து வளர்ந்தவர் அவர். 1976இல் வெளிவந்த தம் தொகுப்பிற்குக் 'கைப்பிடியளவு கடல்' என்று பெயரிட்டார்.

பயிற்சி

1. சிறகு, இறகு ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.

2. 'வண்ணத்துப் பூச்சியும் கடலும்' கவிதைக்கு இப்பாடத்தில் கூறப்பட்ட இரு பொருள்களில் உமக்கு ஏற்புடையது எது? இரண்டும் ஏற்புடையன அல்ல எனில், உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. உம் குடும்பத்தில் மறைந்த ஒருவர் விட்டுச்சென்ற பொருள் ஒன்றினைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஐந்து தொடர்கள் எழுதுக.