வயது ஏறினால் வேகம் இறங்குமா?

மதுரையிலிருந்து மேலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சைக்கிளில் செல்ல உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்? இரண்டு மணி நேரம் என்பீர்கள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில், ஏறத்தாழ இதே தூரத்தை, அதுவும் ஏற்ற இறக்கம் நிறைந்த சாலையில், 44 நிமிடம் 26 விநாடியில் கடந்து தங்கப் பதக்கம் பெற்றார் ஒரு பெண். அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் என்பது அவர் பெயர். மறுநாள் அவருக்கு 43 வயது நிறைந்தது! 2008இலும் 2012இலும் இதே போட்டியில் வென்றவர் அவரே. இடையில், 2010இல், தாயும் ஆனார்.

நாற்பது வயதானால் உடல் தளர்ந்துவிடும் என்று வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

இதயத்தின் கணக்கு

வயது ஏறினால் சில மாற்றங்கள் நிகழ்வது உண்மைதான். கடுமையாக உழைக்கும்போது இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும்? வயதை 0.7ஆல் பெருக்கி, அதை 208இலிருந்து கழித்தால் சராசரி விடை கிடைக்கும். 15 வயதில் ஏறத்தாழ 197. 45 வயதில் 176. துடிப்பு குறைந்தால் தசைகளுக்குச் செல்லும் இரத்தமும் ஆக்சிஜனும் குறையும். பயிற்சியால்கூட இதை முற்றிலும் நிறுத்த முடியாது.

ஆனால், இறங்கத் தொடங்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. மாடியிலிருந்து இரண்டு படி இறங்கியவர், தரையில் நிற்பவரைவிட மேலேதானே இருப்பார்? விடாமல் பயிற்சி செய்யும் முதியவர், பயிற்சியே இல்லாத இளைஞருக்கு ஈடுகொடுப்பது இதனால்தான்.

காற்றின் கணக்கு

சமவெளியில் வேகமாகச் செல்லும் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்று. ஆடி மாதத்தில் உசிலம்பட்டி நோக்கி எதிர்காற்றில் மிதித்தவர்களைக் கேளுங்கள்! காற்றைப் பிளந்து செல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஒருவரின் திறன் வயதினால் 20 சதவீதம் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். வேகமும் 24 ஆகிவிடுமா? இல்லை, சுமார் 28 ஆகத்தான் குறையும். சிறுமலை போன்ற ஏற்றத்தில் இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே எதிரி புவியீர்ப்பு. திறன் எவ்வளவு குறைகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு வேகமும் குறையும். ஆக, மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி வயதானவர்களின் சைக்கிளுக்கு நண்பன்!

ஓர் ஆய்வு

55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள் வீரர்களைப் பற்றிய ஆய்வு முடிவுகளை 2018இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, பர்மிங்காம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அவர்களில் 41 பேர் பெண்கள். பெண்களுக்கான தகுதி: 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும். அதாவது, மேலூர் போய்த் திரும்பும் தூரம்! இவர்களுடைய தசைகளின் அளவும் வலிமையும் வயதால் குறையவில்லை. நோய் எதிர்ப்புச் செல்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பி வயதானால் சுருங்குவது வழக்கம். இவர்களுக்கோ அது இளைஞர்களுடையதைப் போலவே செயல்பட்டது. ‘உடல் வலுவாக இருந்ததால்தான் இவர்களால் தொடர்ந்து ஓட்ட முடிந்ததோ?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்கு விடை காண, ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

சைக்கிள் தராத ஒன்று

சைக்கிள் ஓட்டும்போது உடலின் எடையை இருக்கை தாங்குகிறது. ஆகவே எலும்புக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு விரைவாக மெலிகிறது. எனவே சைக்கிளோடு நடை, படி ஏறுதல், பளு தூக்குதல் ஆகியவையும் வேண்டும். உணவில் கேழ்வரகு, பால், கீரை வேண்டும்.

அருகிலுள்ள ஒரு மாவட்டம்

மதுரைக்கு வடகிழக்கே உள்ள புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றதாக மதிப்பிடப்பட்டது. கல் குவாரித் தொழிலாளர்களும், விவசாயக் கூலிப் பெண்களும், பிள்ளை பெற்ற தாய்மார்களும் கேலியைப் பொருட்படுத்தாமல் மிதித்தனர். புதிதாகக் கற்கும் வயது கடந்துவிட்டது என்று அவர்கள் எண்ணவில்லை.

மாணவிகளே, பதினொன்றாம் வகுப்பில் அரசு உங்களுக்குச் சைக்கிள் தருகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் அது சுவரோரம் சாய்ந்து துருப்பிடிக்கிறது. அல்லது தம்பிக்குப் போய்விடுகிறது. அன்று நிற்பது சைக்கிள் மட்டுமல்ல. நாற்பது வயதில் உங்களைத் தாங்க வேண்டிய இதயத்தின் பயிற்சியும் அன்றே நிற்கிறது.

செய்து பாருங்கள்

அதிகாலையில், வண்டிகள் இல்லாத தெருவில், நீங்களும் உங்கள் அம்மாவும் பத்து நிமிடம் நிதானமாகச் சைக்கிள் ஓட்டுங்கள். (நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே ஓட்ட வேண்டும்.) நிறுத்தியவுடன் மணிக்கட்டில் நாடித் துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி எண்ணுங்கள். துடிப்பு எவ்வளவு விரைவில் இறங்குகிறதோ, இதயம் அவ்வளவு பழகியிருக்கிறது என்று பொருள். எட்டு வாரம் தொடர்ந்து ஓட்டி, வாரந்தோறும் குறித்து, வரைபடம் வரையுங்கள். யாருடைய கோடு அதிகம் மாறியது? அம்மாவுடையதாக இருந்தால் வியப்படையாதீர்கள்!