விழக் கற்கும் வித்தை
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மிதிவண்டி என்றவுடன் பால் கேனும், கேரியரில் கட்டிய புத்தகங்களும் நம் நினைவிற்கு வரும். அதே மிதிவண்டியோடு வானில் தலைகீழாகச் சுழன்று, மீண்டும் சக்கரங்கள் தரையில் பட இறங்குவோரும் உலகில் உளர். இவ்வித்தைக்கு பி.எம்.எக்ஸ். ஃப்ரீஸ்டைல் என்று பெயர். காண்போர் இதனை அசட்டுத் துணிச்சல் என்பர். சற்றே ஆராய்ந்தால், துணிச்சலைவிட முறையான பயிற்சியும் இயற்பியலுமே இதில் மிகுதி என்பது புலப்படும்.

தோற்றம்

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில், மோட்டோகிராஸ் எனப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த சிறுவர்கள், தங்கள் சிறிய மிதிவண்டிகளை மண்மேடுகளில் அவ்வாறே ஓட்டி விளையாடினர். ‘பைசைக்கிள் மோட்டோகிராஸ்’ என்பதன் சுருக்கமே பி.எம்.எக்ஸ். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பாப் ஹாரோ முதலானோர் பந்தயத்தோடு நில்லாமல், வண்டியில் வித்தைகள் செய்யத் தொடங்கினர். பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும், ஃப்ரீஸ்டைல் போட்டி 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் முதன்முதலாக இடம் பெற்றன.

இவ்வண்டியின் சக்கரம் 20 அங்குலமே. கியர் ஒன்றுதான். இருக்கை மிகத் தாழ்ந்திருக்கும். அது உட்காருவதற்கன்று, ஓட்டுபவர் எழுந்து நின்று உடலை முன்னும் பின்னும் அசைக்க இடம் விடுவதற்காகவே அவ்வாறு அமைந்துள்ளது.

படிப்படியான பயிற்சி

இவ்வித்தையைக் கற்போர் எடுத்தவுடன் வானில் பறப்பதில்லை. இரு பெடல்களையும் சமமாக வைத்து, அவற்றின்மேல் நின்றபடி மெதுவாகச் செல்வதே முதற்பாடம். அடுத்தது, எடையைப் பின்னுக்குத் தள்ளி, முன்சக்கரத்தை உயர்த்தியவாறு பின்சக்கரத்தில் மட்டும் செல்வது. அப்போது ஒரு விரல் பின்பிரேக்கின்மேல் இருக்க வேண்டும். மல்லாந்து விழப்போகும் நேரத்தில் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் கீழிறங்கிவிடும்.

மூன்றாவது, ‘முயல் துள்ளல்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட வித்தை. வண்டியைக் கையால் இழுத்துத் தூக்குவதாக நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. முதலில் குனிந்து, பிறகு உடலைப் பின்னுக்குக் கொண்டுசென்று முன்சக்கரத்தை உயர்த்துகின்றனர். உடனே கால்களால் உந்தி நிமிர்கின்றனர். தரையின் எதிர்விசை உடலை மேலே அனுப்புகிறது. அக்கணத்தில் ஹேண்டில்பாரை முன்னே தள்ளி, கால்களை மடக்கினால், பின்சக்கரமும் தரையை விட்டு எழுகிறது. பெரிய வித்தைகள் பலவற்றிற்கு இத்துள்ளலே அடிப்படை.

இயற்பியல் கூறுவது

பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடிப்பவர், சுழற்சியைச் சாய்தளத்தை விட்டு நீங்குமுன்பே பெற்றுவிட வேண்டும். வானில் சென்றபின் அவரது கோண உந்தம் ஏறத்தாழ மாறாது. ஆயினும் உடலைச் சுருக்கினால் நிலைமத் திருப்புத்திறன் குறைந்து சுழலும் வேகம் கூடும். நீட்டினால் வேகம் குறையும். சுழல் நாற்காலியில் அமர்ந்து, கையில் எடைக்கற்களை ஏந்திச் செய்து காட்டும் சோதனையின் அதே விதி இங்கும் செயல்படுகிறது.

இறங்குவதிலும் கணக்கு உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் இறங்குவதாகக் கொள்வோம். கை கால்கள் விறைத்து, தரையைத் தொட்டபின் 10 செ.மீ. தொலைவிற்குள் உடல் நின்றுவிட்டால், அவர் தாங்க வேண்டிய சராசரி விசை அவரது எடையைப்போல் 11 மடங்கு. அதாவது 660 கிலோ எடை. முழங்காலும் முழங்கையும் மடங்க, 50 செ.மீ. தொலைவில் நின்றால் அது 3 மடங்கு, 180 கிலோ எடையாகக் குறைகிறது. வளைந்து கொடுப்பவனுக்கு அடி குறைவு என்பது வெறும் பழமொழியன்று, வாய்பாட்டிலேயே உள்ளது.

விழுவதற்கோர் இடம்

தலைக்கவசமும் முழங்கால் உறையும் அணிந்தபின், விழும் முறையையும் கற்க வேண்டும். வண்டியை விட்டு விலகி, உருண்டு விழ வேண்டும். கையை விறைப்பாக ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியும். புதிய கரணங்களை முதலில் ஸ்பாஞ்சுக் கட்டிகள் நிரப்பிய பெருங்குழியில் பழகுவர். பன்முறை அதில் விழுந்து உடல் அவ்வசைவை அறிந்த பிறகே கடினத் தளத்திற்கு வருவர்.

இங்கிலாந்தின் சார்லட் வொர்திங்டன் 2021-இல் டோக்கியோவில் போட்டியிட்டார். ஒவ்வொருவருக்கும் 60 வினாடி கொண்ட இரு வாய்ப்புகள். அவற்றுள் சிறந்ததே கணக்கில் சேரும். பின்கரணத்தோடு ஒரு முழுச் சுற்றும் சுற்றும் கடும் வித்தையை முதல் வாய்ப்பில் முயன்று அவர் விழுந்தார். இரண்டாம் வாய்ப்பில் எளியதை நாடாமல் அதனையே மீண்டும் செய்து, 97.50 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். போட்டியில் அவ்வித்தையை முடித்த முதல் பெண் அவரே. அவருடைய உறுதி போற்றத்தக்கது. ஆயினும், இரண்டாம் வாய்ப்பு என்னும் விதி இல்லாதிருந்தால் அவ்வுறுதி வெளிப்பட்டிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். ஒரு தாளில் தவறினால், ‘படித்தது போதும், வேலைக்குப் போ’ என்ற குரல் எழும் வீடுகள் உண்டு. அங்கிருந்து இடையில் நின்றுவிடும் மாணவன் துணிவற்றவன் அல்லன். அவன் விழுவதற்கு ஸ்பாஞ்சுக் குழி இல்லை, அவ்வளவே. வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் தரும் விளக்கம், மூத்த மாணவர் கொடுத்துவிட்டுப் போகும் குறிப்பேடு, தேர்வுக் கட்டணத்திற்கு நண்பர்கள் சேர்த்துத் தரும் சிறு தொகை ஆகியவற்றால் அக்குழியை நாமே நிரப்பலாம். நமக்குப் பின் வரும் தம்பி தங்கையர் எலும்பு முறியாமல் விழவும், விழுந்த பின் மீண்டும் வண்டியில் ஏறவும் வழி செய்வோமாக!