பண்ணை நிலத்தில் ஒரு சிகிச்சை அறை

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் ஆய்வேட்டின் முன்வரைவை இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சைலோசைபின் என்ற மனநிலை மாற்றும் பொருள் கொண்ட காளானுக்குச் சட்டம் வந்த கதையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். தீராத மனச்சோர்வில் கிடப்பவர்களுக்கு அது எப்படி உதவக்கூடும் என்று பல பக்கங்கள் எழுதியிருக்கிறாய். ஆனால் நீ படிப்பது நகர் ஊரமைப்பு. அந்தச் சிகிச்சை எந்த நிலத்தில், எந்தக் கட்டடத்தில், எந்தச் சாலையின் முடிவில் நடக்கும் என்பதற்கு நீ ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்திதான் உன் ஆய்வேடாக இருக்க வேண்டும். மாநிலம் அனுமதித்துவிட்ட ஒன்று கிராமப்புறத்தில் இருக்கும் ஒரு நோயாளியின் கைக்கு எட்டுமா என்பதை அங்கே நில விதிதான் தீர்மானிக்கிறது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொள். நில விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. 2020 நவம்பரில் ‘மெஷர் 109’ என்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். ஏற்பாடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. 2023 ஜனவரி 2 முதல் மாநிலச் சுகாதார ஆணையம் உரிம விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் யூஜீன் நகரில் முதல் சேவை மையம் உரிமம் பெற்றது. 21 வயது நிரம்பியவர்கள் போகலாம், மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆனால் காளானை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உரிமம் பெற்ற மையத்திலேயே, உரிமம் பெற்ற ஒரு வழித்துணையாளர் பக்கத்தில் இருக்கும்போதுதான் உட்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே ஓர் ஆயத்தச் சந்திப்பு நடந்திருக்க வேண்டும். ஓர் அமர்வுக்கு உச்ச அளவு 50 மில்லிகிராம் சைலோசைபின். அதிக அளவு எடுத்துக்கொண்டவர் பல மணி நேரம், சில சமயம் பகல் முழுக்க, கண்ணை மூடிப் படுத்திருப்பார். அழலாம், அஞ்சலாம், அமைதியாகவும் இருக்கலாம். முடிந்ததும் அவர் தானே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. எப்படி வீடு திரும்புவார் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதி வைக்க வேண்டும்.

இந்த இடத்தை நிலப் பயன்பாட்டு விதிப்புத்தகத்தில் எந்தத் தலைப்பின்கீழ் சேர்ப்பாய்? மருத்துவமனை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மருத்துவரே தேவையில்லை. தங்கும் விடுதியும் இல்லை. கடை என்றால், வாங்கியதை வெளியே எடுத்துச்செல்ல முடியாத கடை. கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) அலுவலகங்கள் முதலில் திணறியது இங்கேதான். இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் சட்டப்படி சைலோசைபின் இன்றும் முதல் அட்டவணையில் உள்ள தடைசெய்யப்பட்ட பொருள். மாநிலம் உரிமம் கொடுக்கிறது, நாடு குற்றம் என்கிறது, நடுவில் நிலத்துக்குப் பொறுப்பான கவுண்டி நிற்கிறது.

மெஷர் 109 உள்ளாட்சிகளுக்கு இரண்டு அதிகாரங்களைக் கொடுத்தது. ஒன்று, காளான் உற்பத்தியையும் சேவை மையங்களையும் தங்கள் எல்லைக்குள் வேண்டாம் என்று சொல்வது. உள்ளாட்சியை நடத்தும் ஆணையர்கள் கூடித் தீர்மானம் போட்டால் மட்டும் அது நிலைக்காது. மாநிலப் பொதுத்தேர்தலின்போது அந்தத் தீர்மானத்தை உள்ளூர் மக்கள் வாக்குக்கு விட வேண்டும். இரண்டாவது, அனுமதித்துவிட்டு நேரம், இடம், நடத்தும் முறை ஆகியவற்றுக்கு நியாயமான விதிகள் போடுவது. கவுண்டியின் முடிவு நகர எல்லைகளுக்கு வெளியே உள்ள நிலத்தைத்தான் கட்டுப்படுத்தும் என்பதையும் குறித்துக்கொள். நகரங்கள் தனித்தனியே தங்கள் முடிவை எடுக்கும். ஆகவே கவுண்டியின் தடை என்பது ஏறக்குறைய முழுக்கவும் கிராமப்புறத்துக்கான தடை.

2022 நவம்பரில் மொத்தமுள்ள 36 கவுண்டிகளில் 25 கவுண்டிகளின் மக்கள் தடைக்கோ தற்காலிக நிறுத்தத்துக்கோ வாக்களித்தார்கள். கிராமத்தார் பழமைவாதிகள், அதனால் மறுத்தார்கள் என்று நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். அந்த வரியை அடித்துவிடு. நாட்காட்டியைப் பார். மாநிலத்தின் இறுதி விதிகள் வெளிவந்தது 2022 டிசம்பர் கடைசியில். விண்ணப்பங்கள் தொடங்குவது அடுத்த சில நாட்களில். தடை வேண்டுமா என்று மக்களைக் கேட்க இருந்த வாய்ப்போ அதற்கு முந்தைய நவம்பர். அதைத் தவறவிட்டால் 2024 வரை காத்திருக்க வேண்டும். விதிகளைப் பார்க்காமலேயே முடிவெடுக்கும் நிலையில் சட்டமே அவர்களை நிறுத்தியது. பணக் கணக்கும் இருந்தது. மாநிலம் 15 சதவீத விற்பனை வரி வாங்கிக்கொள்ளும். உள்ளாட்சி தன் பங்குக்கு வரியோ கட்டணமோ போட முடியாது. பாதிப்பேர் தன்னார்வலர்களாக இருக்கும் தீயணைப்புப் படையை வைத்துக்கொண்டு ஓடும் ஒரு சிறு கவுண்டிக்கு, பொறுப்பு மட்டும் வந்து வருமானம் வராத ஒரு தொழில் எப்படித் தெரியும்? நான் அங்கே ஆணையராக இருந்திருந்தால் இரண்டு ஆண்டு நிறுத்தத்துக்கு நானும் கை தூக்கியிருப்பேன். நிரந்தரத் தடைக்குத் தூக்கியிருக்க மாட்டேன்.

தடைக் கேள்வியை மக்கள் முன் வைத்துத் தோற்ற இரண்டு கவுண்டிகள் டெஷூட்ஸ், ஜாக்சன். உன் ஆய்வுக்கு டெஷூட்ஸையே எடுத்துக்கொள். உயர்ந்த பாலைச் சமவெளி, ஜூனிப்பர் மரங்கள், குதிரைப் பண்ணைகள், வைக்கோல் வயல்கள், நடுவில் வேகமாக வளர்ந்துவரும் பெண்ட் நகரம். அங்கே விதி எழுதும்போது, ஊருக்கு வெளியே உள்ள பெரிய உல்லாச விடுதி வளாகங்களில் சேவை மையம் வரலாமா என்பது பெரிய விவாதமாயிற்று.

விவசாய நிலத்துக்கு வருகிறேன், உன் ஆய்வின் மையம் இதுதான். 1973இல், டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது, ஓரிகன் செனட் மசோதா 100ஐ நிறைவேற்றியது. விளைநிலங்களை வீட்டுமனைகள் விழுங்குவதைத் தடுக்க மாநிலம் முழுவதற்கும் நிலத் திட்டமிடலைக் கட்டாயமாக்கிய சட்டம் அது. அதற்காக உழைத்த செனட்டர் ஹெக்டர் மெக்பர்சன் ஒரு பால்பண்ணை விவசாயி. அன்றுமுதல் ‘விவசாயத்துக்கு மட்டும்’ என்ற மண்டலம் அங்கே மிகக் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. நம்மூரில் நஞ்சையை மனையாக மாற்றுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்தக் கண்டிப்பு வியப்பாக இருக்கும்.

சைலோசைபின் காளான் ஒரு பயிர் என்று மெஷர் 109 அறிவித்துவிட்டது. அந்த ஒரே அறிவிப்பால் அது விவசாய மண்டலத்துக்குள் உரிமையோடு நுழைகிறது. உடனே கதவைப் பாதி மூடவும் செய்தது சட்டம்: இந்தப் பயிரைக் காட்டி விவசாய மண்டலத்தில் புது வீடு கட்ட முடியாது, பண்ணைக் கடை போட முடியாது. ஆனால் பயிரோடு சேர்த்துச் சேவை மையம் நடத்தலாம் என்று ஒரு வரி உள்ளது. பயிர் இல்லாமல் மையம் மட்டும் விவசாய நிலத்தில் உட்கார நினைத்தால் அது வேறு வழக்கு. இங்கே மூடிய அறைக்குள் தட்டுகளில் வளர்க்கும் காளான், வெளியே உள்ள மண்ணுக்கு எந்தப் பயனும் தராமலேயே அந்த மண்ணின் மண்டலச் சலுகையைப் பெறுகிறது. எனக்கு இது உறுத்துகிறது. கொட்டகைக்குள் நான்கு தட்டுக் காளானை வைத்துவிட்டு முழு வளாகத்தையும் வணிகமாக்க ஒருவர் முயன்றால், அதைத் தடுக்கும் அளவுகோலைக் கவுண்டிதான் எழுதியாக வேண்டும்.

விவசாய மண்டலத்தில் பயிர்த்தொழில் அல்லாத பயன்பாட்டுக்கு நிபந்தனை அனுமதி கேட்டால், ஓரிகன் சட்டம் ஒரு சோதனை வைக்கிறது. சுற்றியுள்ள பண்ணைகளின் வழக்கமான வேலைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றும்படி அது செய்யக் கூடாது, அவற்றின் செலவைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவும் கூடாது. இதைக் காகிதத்தில் படிக்காமல் களத்தில் வைத்துப் பார். உள்ளே ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, உணர்வெல்லாம் திறந்து கிடக்கிற நிலையில் படுத்திருக்கிறார். வேலிக்கு அப்பால் பக்கத்து விவசாயி வைக்கோல் கட்டும் இயந்திரத்தை முடுக்குகிறார். இன்னொரு நாள் எருவைப் பரப்புகிறார், வேறொரு நாள் மருந்து தெளிக்கிறார். அவருக்குள்ள பயம் காளானைப் பற்றியதே அல்ல. பணம் கட்டி வந்த விருந்தாளி சத்தம் என்று புகார் கொடுப்பான், நாளை என் வேலை நேரத்தை எவனோ தீர்மானிப்பான் என்ற பயம் அது. விவசாயம் செய்யும் உரிமையைக் காக்கும் சட்டம் அங்கே உண்டு. ஆனாலும் நல்ல கவுண்டி விதி அந்தச் சட்டத்தை மட்டும் நம்பியிராது. ஒலி தடுக்கும் சுவர், வேலியிலிருந்து தக்க தூரம், பக்கத்துப் பண்ணையின் வேலைகளை எதிர்த்துப் புகார் செய்ய மாட்டோம் என்று பத்திரத்தில் பதியும் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்கும்.

அடுத்தது சாலையும் தண்ணீரும். நாற்பது ஏக்கர் பண்ணை ஒன்றைக் கற்பனை செய்துகொள். தார்ச்சாலையிலிருந்து ஒன்றரை மைல் சரளைப் பாதை, அதை ஐந்து குடும்பங்கள் பகிர்கின்றன. பராமரிப்புச் செலவையும் அவையே பகிர்கின்றன. ஒரு போர்வெல். மூன்று படுக்கையறை வீட்டுக்காகப் போட்ட செப்டிக் டேங்க். அங்கே நாளொன்றுக்கு எட்டு வாடிக்கையாளர், நான்கு வழித்துணையாளர், அவர்களைக் கூட்டிப்போக வரும் கார்கள் என்று வைத்துக்கொள். பாதை யாருடையது, அந்தக் கழிவை அந்தத் தொட்டி தாங்குமா, கொட்டகையைப் பொதுமக்கள் வரும் கட்டடமாக மாற்றக் கட்டட விதி இடம் தருமா? ஆகஸ்டில் காட்டுத்தீ வந்தால், மயக்கத்தில் இருக்கும் மனிதரை யார் எப்படி அந்த ஒரே பாதையில் வெளியே கொண்டுவருவார்? ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிடம்? மாநிலம் உரிமம் தருமுன் உள்ளாட்சியிடம் நிலப் பயன்பாட்டுப் பொருத்தச் சான்று கேட்கிறது. அந்தத் தாள் வரும்போதே இந்தக் கேள்விகளுக்கு விதிப்புத்தகத்தில் பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறகு எழுதினால் அது குறிப்பிட்ட ஒருவருக்கு எதிராக எழுதியதாகிவிடும்.

வெளியாட்கள் கூட்டம் ஒரு சிற்றூரை என்ன செய்யும் என்ற கிராமத்தாரின் அச்சத்தை அலட்சியம் செய்யாதே. இந்தக் காளானின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. மெக்சிகோவின் வாஹாகா மலைகளில் உள்ள வாவ்ட்லா என்ற ஊரில் மரியா சபீனா என்ற மாசடெக் மூதாட்டி நோய் தீர்க்கும் இரவு வழிபாடுகளில் காளானைப் பயன்படுத்தினார். 1955இல் கோர்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் அதில் பங்கேற்று, 1957இல் ‘லைஃப்’ இதழில் எழுதினார். பிறகு அந்த மலையூருக்கு அயலார் சாரிசாரியாக வந்தார்கள், காவல்துறையும் வந்தது. ஊரின் கோபம் அந்த அம்மாள் மீது திரும்பியது, அவர் வீடு எரிக்கப்பட்டது. வருகிறவர் எண்ணிக்கை, தங்கும் இடம், போக்குவரத்து என்று எதற்கும் எந்த ஏற்பாடும் இல்லாத ஓர் ஊர் கொடுத்த விலை அது.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பின் பெயரால் எழுதப்படும் தூரக் கணக்கு, சொல்லாமலே தடையாகிவிட முடியும். ஓரிகன் சட்டம் பள்ளியிலிருந்து ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர், தள்ளி இருக்கச் சொல்கிறது. குழந்தைகள் கடக்க முடியாத தடுப்பு இருந்தால் 500 அடி வரை குறைக்கலாம். கொலராடோவில் 2022இல் நிறைவேறிய ‘புரொபோசிஷன் 122’ உள்ளாட்சிகளுக்குத் தடை செய்யும் அதிகாரத்தையே தரவில்லை. நேரம், இடம், முறை மட்டும்தான். ஆனால் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகர மன்றம் 2025இல் பள்ளி முதலான இடங்களிலிருந்து ஒரு மைல் என்று இடைவெளியை நீட்டியது. வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு மைல் வட்டம் போட்டுப் பார். எஞ்சும் நிலத்தைப் பார்த்தால் அந்த விதியின் நோக்கம் புரியும். விதி எந்தத் தீங்கைத் தடுக்கிறது என்று கேட்டால் அதை எழுதியவரால் காட்ட முடிய வேண்டும். சாலை, நீர், தீ, பக்கத்துப் பயிர் என்று காட்டினால் அது நில விதி. வருகிற ஆட்களைப் பிடிக்கவில்லை என்பதே காரணமென்றால் அதற்கு நில விதியைக் கருவியாக்குவது தவறு.

அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் அதே கிராமங்களில்தான் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் அருகில் இல்லாத ஊர்கள் அவை. தடையுள்ள கவுண்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் ஒருவர் மலை கடந்து பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். ஆயத்தச் சந்திப்புக்கு ஒரு பயணம் ஆகலாம், அமர்வுக்கு இன்னொன்று. அமர்வு முடிந்து வண்டி ஓட்டக் கூடாது என்பதால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்றிரவு தங்க அறை வேண்டும். அமர்வுக்கே ஆயிரம், இரண்டாயிரம் டாலர் கேட்கிறார்கள். மையத்தின் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 10,000 டாலர் என்பதால் சிற்றூரில் மையம் நடத்துவதே கடினம், அதன்மேல் தடையும் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கை உன் ஆய்வேட்டில் எங்கும் காணோம்.

ஒன்றை மறக்காதே. இங்கே இந்தியாவில் சைலோசைபின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. கொடைக்கானலில் விற்றும் வாங்கியும் பிடிபட்ட இளைஞர்களைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பாய். ஆகவே உன் ஆய்வு நம்மூருக்கான பரிந்துரையாகத் தொனிக்கக் கூடாது. முறையை மட்டும் எடுத்துக்கொள். போதை மீட்பு மையமோ மனநலக் காப்பகமோ ஊருக்குள் வேண்டாம் என்று இங்கே நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நாளை நீ கையாளும்போது அது கைகொடுக்கும்.

இனி உன் வேலை. டெஷூட்ஸ் வரைபடத்தை எடு. விவசாய மண்டலத்தைப் பச்சையில் தீட்டு. பள்ளி வட்டங்களைப் போடு. ஒரே பாதை உள்ள பகுதிகளைக் குறி. தீயணைப்பு நிலையங்களிலிருந்து ஆம்புலன்ஸ் நேரத்தைக் கணக்கிடு. எஞ்சியிருக்கும் நிலம் எவ்வளவு, அது யாருக்கு அருகில் இருக்கிறது என்று பார். 2022இல் அந்தக் கவுண்டி ஆணையர்கள் நடத்திய கூட்டங்களின் பதிவுகளையும் தேடி, பேசிய ஒவ்வொரு விவசாயியின் பேச்சையும் பொறுமையாகக் கேள். முன்வரைவைத் திருத்துவதற்கு முன் அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா