வீட்டு வானொலியும் கைப்பேசியும்



புதுக் கருவிகளை அனுபவிப்பது பாவமா? அன்று. மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியை 1931 பிப்ரவரி 12-ல் 11-ம் பத்திநாதர் திறந்துவைத்து உலகத்தாரோடு பேசினார். 1957-ல் 12-ம் பத்திநாதர் தமது நிருபத்தில், இத்தகைய கருவிகள் மனித அறிவால் விளைந்தாலும் கடவுளின் கொடை என்றே கற்பித்தார்.

ஆயினும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையம் வந்த பின், ஒரு பெட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்தது. ஒருவர் கேட்டதை எல்லாரும் கேட்டார்கள். கைப்பேசியோ ஆளுக்கொன்று. நால்வர் ஒரே பாயில் உட்கார்ந்தும், மனத்தால் நான்கு ஊர்களில் இருக்கிறார்கள்.

அதே கைப்பேசிதான் துபாயில் உழைக்கும் தகப்பனின் முகத்தை மங்கலம்பேட்டையில் உள்ள பிள்ளைக்குக் காட்டுகிறது. தூரத்தில் உள்ளவரைக் கிட்டக் கொண்டுவந்தால் அது நன்மை; கிட்ட உள்ளவரைத் தூரமாக்கினால் தீமை. இதுவே அளவுகோல்.

ஆதலால், இராச் சாப்பாட்டு வேளையிலும் செபமாலை வேளையிலும் கைப்பேசிகளெல்லாம் மாடத்தில் இருக்கட்டும். முதலில் பெற்றோர் வையுங்கள், பிள்ளைகள் பின்பற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால், ஒரு கைப்பேசியை நடுவில் வைத்து, அந்நாளில் வானொலி கேட்டதுபோல எல்லாரும் சேர்ந்திருந்து பேசுங்கள்.